நடுப்பக்கம்

மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கப் போகிறோம் என்றதும் "ஏன்?" என்று கேட்டவர்கள் குறைவு. "எந்த சிலபஸ்?" என்று கேட்காதவர்கள் இல்லை. மாமனார் கேட்டார். கணவரின் லேத் பட்டறைக்கு வந்துபோகிறவர்கள் கேட்டார்கள். மாடிவீட்டில் குடியிருந்த வங்கிக்காரர் படியில் பார்க்கும்போதெல்லாம் கேட்டார். 2016-ம் வருடம். அவளுக்கு ஐந்து வயது, சின்னவனுக்கு இரண்டு. "பாத்துட்டிருக்கறமுங்க" என்று சொல்லிவைப்பேன்.

நிறுத்தியதற்குப் பெரிய தத்துவம் எதுவும் கிடையாது. அவள் போன நர்சரியில் வகுப்புக்குள் தமிழ் பேசக் கூடாது. வீட்டில் வாய் ஓயாத பிள்ளை, அங்கே தண்ணீர் கேட்கத் தெரியாமல் மாலை வரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். கொஞ்ச நாளில் வீட்டிலும் பேச்சு குறைந்தது. வேறு பள்ளி பார்க்கலாம் என்றுதான் கிளம்பினோம். கோவை துடியலூர் சுற்றுவட்டாரத்தில் நாங்கள் ஏறி இறங்கிய இடங்களில் அதே விதியைப் பெருமையாகச் சொன்னார்கள். நடக்கிற தூரத்தில் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஒன்று இருந்தது. பேத்தியை அங்கே சேர்க்க மாமனார் ஒப்பவில்லை. பள்ளிக்கே அனுப்பாமல் வீட்டில் வைத்துக்கொள்ள ஒப்பினார். அந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஒரு வருடம் வீட்டில் இருக்கட்டும் என்றார் கணவர். அது நீண்டுகொண்டே போனது.

நான் அதுவரை ஒரு மில்லின் கணக்குப் பிரிவில் இருந்தவள். எதையும் கட்டம் போட்டுப் பார்த்தால்தான் மனம் அடங்கும். எக்செல்லில் ஒரு தாள் திறந்து, கண்ணில் பட்ட பாடத்திட்டங்களை எல்லாம் வரிசையாக ஏற்றினேன். விலை, மொழி, எந்த வயதில் தொடக்கம், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் என்று பத்திகள். தாள் நீள நீளக் குழப்பம்தான் கூடியது. மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர் மூண்டதால் இங்கேயே தங்கி, கொடைக்கானலிலும் சில காலம் இருந்து வேலை செய்தவர். நம் மலையில் உட்கார்ந்து யோசித்தவர் என்பதால் எனக்கு அவர்மேல் ஒரு பிடிப்பு. அவர் முறையில் நாலு வயதுப் பிள்ளை சொரசொரப்புத் தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவிப் பழகும். ருடால்ஃப் ஸ்டைனரோ 1919-ல் ஸ்டுட்கார்ட்டில் சிகரெட் ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கியவர். அந்த வழியில் போகிறவர்கள் ஏழு வயதுக்குமுன் எழுத்துப் பக்கமே போக மாட்டார்கள். அமெரிக்கர் ஜான் ஹோல்ட்டைப் படித்தால் பாடத்திட்டம் என்ற ஒன்றே தேவையில்லை என்று தோன்றும். மூவரையும் ஒரே சமயத்தில் படித்துக்கொண்டிருந்தேன். ராத்திரி யாரைப் படித்தேனோ, மறுநாள் காலையில் அவர்தான் சரி.

இது போதாதென்று அமெரிக்கப் பெட்டிகள். ஒரு வருடத்துக்கு வேண்டிய புத்தகங்கள், பயிற்சித் தாள்கள், முப்பத்தாறு வாரத்துக்கும் நாள்வாரியாக அட்டவணை, தாய் வாயைத் திறந்து என்ன சொல்ல வேண்டும் என்பதுவரை அச்சடித்து ஒரே பெட்டியில் வரும். பயந்துபோயிருக்கிற தாய்க்கு அதைவிட ஆறுதல் வேறில்லை. வெளிநாட்டிலிருக்கும் கணவரின் ஒன்றுவிட்ட அக்கா, அவர் பிள்ளைகள் முடித்த முதல் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். தாள் அவ்வளவு நேர்த்தி. பாதிப் புத்தகம் தாண்டியதும் காசு எண்ணும் பாடம் வந்தது. ஐந்து சென்ட் நாணயத்தைவிடப் பத்து சென்ட் நாணயம் சிறியது. அந்த ஊர்ப் பிள்ளை கையில் வைத்துப் பழகியதால் அதற்குப் புரியும். என் மகள் படத்தைப் பார்த்துப் பெரியதற்குத்தான் மதிப்பு அதிகம் என்றாள். அடுத்த பக்கத்தில் பனிமனிதனின் பொத்தான்களை எண்ணச் சொன்னார்கள். எண்ணினாள். அது என்ன, அவன் ஏன் கரைகிறான் என்று கேட்டதற்குப் பதில் சொல்லியே அந்தக் காலை போனது.

அந்தச் சமயத்தில் எதிர்வீட்டுக்குக் குடிவந்தார் டீச்சர். ஒன்றியப் பள்ளிகளில் வாழ்நாள் முழுக்க ஒன்றாம், இரண்டாம் வகுப்பே எடுத்து ஓய்வுபெற்றவர். என் எக்செல் தாளைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார்.

"இத்தனை எழுதியிருக்கறியே அம்மணி, பிள்ளை எந்தப் பாசையில எண்ணறா?"

"தமிழ்லதானுங்க டீச்சர்."

"அப்பறம் இதுல முக்காவாசி எதுக்கு?"

உண்மையில் அந்த ஒரு கேள்வியோடு தாள் சுருங்கிவிட்டது. முதல் மூன்று வருடம் எல்லாம் தமிழில், ஆங்கிலம் முதலில் காதால் மட்டும், அதன் எழுத்து ஏழு வயதில் என்று வைத்துக்கொண்டோம். ஸ்டைனர் ஆங்கிலத்துக்கு மட்டும் பிழைத்தார். அதன்பின் தேர்ந்தெடுக்க வேண்டிய பொருள்கள் ஒரு அலமாரித் தட்டில் அடங்குகிற அளவுக்கு வந்தன. குறைவாக இருந்தால் நல்லதைக் கண்டுபிடிப்பது சுலபம் என்று யாரும் எனக்கு அதற்குமுன் சொல்லியிருக்கவில்லை.

புத்தகம் வாங்குவதற்கும் டீச்சர்தான் வழி சொன்னார். "மொதப் பக்கத்தைப் பாக்காதே. மொதப் பக்கத்த எல்லாரும் அழகாத்தான் போடுவாங்க. நடுப்பக்கத்தைத் தொற. அங்க பிள்ளைக்கு என்ன வேலைன்னு பாரு." டவுன்ஹால் ராஜ வீதியில் விஜயா பதிப்பகத்திலும், உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளிலும், ஜூலையில் வரும் கொடிசியா புத்தகத் திருவிழாவிலும் நான் நடுப்பக்கமாகத் திறந்துகொண்டு நின்றிருக்கிறேன். நடுப்பக்கத்தில் கோடிட்ட இடம் மட்டும் இருந்தால் கீழே வைத்துவிடுவேன். வீட்டில் போய்த் தேடு, அளந்து பார், பாட்டியிடம் கேள், வரைந்து காட்டு என்று ஏதாவது ஒன்று இருந்தால் விலையைப் பார்ப்பேன். இந்தச் சல்லடையில் வண்ணவண்ணமான பயிற்சிநூல்கள் ஏறக்குறைய எல்லாமே விழுந்துபோயின. புள்ளிகளை இணை, பொருத்துக, மேலே எழுதிப் பழகு, மறுபடி புள்ளிகளை இணை.

எழுத்து விஷயத்தில் வீட்டுக்குள் ஒரு சிறு யுத்தம் நடந்தது. மாமியார் அரிச்சுவடி வாங்கி வந்து, அகரத்தில்தான் தொடங்க வேண்டும் என்றார். டீச்சரோ ட, ப, ம என்றார். மூன்றும் பெரும்பாலும் கோடுகள், பிஞ்சு விரலுக்கு வளைவைவிடக் கோடு எளிது. மூன்றே எழுத்தும் புள்ளியும் வந்துவிட்டால் படம், மடம், பட்டம், மட்டம் என்று சொல்லே வாசிக்கலாம். 'அ' எழுத வராமல் அழுகிற பிள்ளை 'படம்' என்று வாசித்துவிட்டு ஊரைக் கூட்டும். கடைசியில் அத்தைக்கு 247 எழுத்தும் கட்டம் கட்டமாக உள்ள சுவர்ப்படம், டீச்சருக்கு என் வீட்டுத் தரை என்று பிரித்துக்கொடுத்தேன். தெரிந்த எழுத்தை மகள் சுவர்ப்படத்தில் கிரேயானால் நிரப்பிக்கொண்டே வந்தாள். கட்டம் நிரம்புவதைப் பார்த்து அத்தை சமாதானமானார். ஆத்திசூடியை மாலையில் அவரே சொல்லிக்கொடுத்தார். அதில் நான் தலையிடவில்லை.

டீச்சர் தன் பரணிலிருந்து எடுத்துவந்தவை செயல்வழிக் கற்றல் அட்டைகள். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08 வாக்கில் தமிழகம் முழுக்கத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போன முறை அது. எம்.பி. விஜயகுமார் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி முன்னின்று கொண்டுவந்தது. மூலம் ஆந்திரத்து ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்காகச் செய்யப்பட்டது. பாடம் சிறுசிறு அட்டைகளாக உடைக்கப்பட்டு, ஏணிப்படிபோல் வரிசை வைக்கப்பட்டிருக்கும். பிள்ளை தான் நிற்கும் படியைத் தானே பார்த்து, தனக்கான அட்டையைத் தானே எடுத்துக்கொண்டு பாயில் உட்காரும். கரும்பலகை பிள்ளையின் உயரத்துக்குச் சுவரின் அடியில் இருக்கும். எல்லாரும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. ஐந்து வயதும் இரண்டு வயதும் ஒரே தரையில் புரளும் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குக் கிடைக்கவில்லை. டீச்சருக்கு அதன்மேல் பெரிய காதல் எல்லாம் இல்லை. "நாப்பது பிள்ளைங்களுக்கு மத்தில கார்டு தேடறதுலயே பாதி நேரம் போயிரும் சாமி. உனக்கு ஒண்ணுதானே, வச்சுக்கோ" என்றார். தொலைந்துபோன அட்டைகளை தினசரி காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் நானே எழுதினேன். கிழித்த காலண்டர் தாள்களும் வீண்போகவில்லை: எண் வரிசை, வாரம், தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி என்று ஒரு வருடப் பாடம் அதிலேயே கிடந்தது.

கணக்குக்குத்தான் நான் அதிகம் அலைந்தேன், அதிகம் ருசித்ததும் அங்கேதான். பெல்ஜியத்துப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் குசினேர் செய்த வண்ணக் கோல்களைப் பற்றிப் படித்திருந்தேன். ஒரு சென்டிமீட்டர் முதல் பத்து சென்டிமீட்டர் வரை பத்து அளவுக் கோல்கள், ஒவ்வோர் அளவுக்கும் ஒரு நிறம். மூன்றும் நாலும் ஏழு என்று சொல்ல வேண்டாம். பச்சைக்குப் பக்கத்தில் ஊதாவை வைத்தால் கறுப்பின் நீளம் வந்துவிடும். கடையில் விலை கேட்டுவிட்டுக் கணவரிடம் சொன்னேன். பட்டறையில் கிடந்த அலுமினியச் சதுரக் கம்பியை வெட்டி, முனை தேய்த்து, வெர்னியரில் அளந்து கொண்டுவந்தார். "ஏழு மட்டும் அர மில்லி கூடப் போச்சு, மறுபடி வெட்டறேன்" என்று இரண்டு நாள் இழுத்தடித்தார். ஐந்து வயதுக்கு அந்தத் துல்லியம் தேவையில்லை என்று சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. பெயின்ட் அடித்தது மகள். ஊதா தீர்ந்துவிட்டதால் எங்கள் வீட்டில் நாலு என்பது ரோஸ்.

டெல்லியிலிருக்கும் ஜோடோ ஞான் அமைப்பின் கணித்மாலா இன்னொன்று. நூறு மணி கோத்த சரம். பத்துக்குப் பத்து நிறம் மாறும். நாற்பத்தேழு என்றால் நாலு நிறக் கட்டு தாண்டி ஏழு மணி, அங்கே ஒரு கிளிப்பைச் செருகு. எங்கள் ஜன்னல் கம்பியில் வருடக்கணக்கில் தொங்கியது. இதையும் வாங்கவில்லை, பூஜை சாமான் கடை மணியில் நாங்களே கோத்துக்கொண்டோம். இதற்கு மேல் அத்தையின் பல்லாங்குழி. பதினாலு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை; எங்கிருந்து எடுத்தால் எங்கே போய் முடியும் என்று முன்கூட்டி எண்ணுகிற பிள்ளை கூட்டலும் கழித்தலும் வகுத்தலும் செய்துகொண்டுதான் இருக்கிறது. தாயக்கட்டையில் வெறும் பக்கம் இரண்டும் சேர்ந்து விழுந்தால் பன்னிரண்டு என்பதை மகள் நியாயமில்லை என்று சொல்லி மூன்று நாள் ஆடவில்லை. நியாயமில்லைதான். இந்த ஆட்டங்களை 'கற்றல் கருவி' என்று பெயரிட்டுப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள் இப்போது. விற்கட்டும்; ஆனால் எதிரில் உட்கார்ந்து ஜெயிக்க நினைக்கிற பாட்டி அந்தப் பெட்டிக்குள் வருவதில்லை.

புத்தகமாக ஒன்று வேண்டும் என்றபோது என்.சி.இ.ஆர்.டி.யின் மேத்-மேஜிக் வரிசைக்கு வந்தேன். 2005-ன் தேசியக் கலைத்திட்ட வரைவுக்குப் பின் வந்த நூல்கள். ஆங்கிலத்தில் இருந்தன, நான் மனத்துக்குள் தமிழாக்கி வாய்மொழியாகவே நடத்தினேன். அப்போதைய நாலாம் வகுப்பு நூலின் முதல் பாடமே செங்கல் சுவர். செங்கல்லை எத்தனை விதமாக அடுக்கலாம், ஒரு செங்கல்லுக்கு எத்தனை முகம், சூளையில் எப்படி அடுக்குகிறார்கள், ஆயிரம் கல் என்ன விலை. நூலில் அது மேற்குவங்கத்துக் கதை. எங்களுக்கு அப்படி இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அனுமதியில்லாத சூளைகள் 2021-ல் மூடப்படும் வரை தடாகம் பள்ளத்தாக்கு முழுக்கச் செங்கல் சூளைதான். ஒரு சூளை மேஸ்திரியிடம் அவள் விலை கேட்டாள். அவர் லோடு கணக்கில் சொன்னார். வீட்டுக்கு வரும்வரை வண்டியில் ஆயிரத்துக்கு எவ்வளவு என்று வகுத்துக்கொண்டே வந்தாள். அந்த மண் எங்கிருந்து வருகிறது, தோண்டிய பள்ளம் என்ன ஆகும் என்பதும் அன்றைக்கே வந்த கேள்விகள். அதற்கு எந்தப் பாடநூலிலும் விடைப்பகுதி இல்லை.

கதைப் புத்தகங்களைப் பற்றி இவ்வளவு சொல்ல வேண்டியதில்லை. அங்கே நல்லது நிறைய உண்டு. நேஷனல் புக் டிரஸ்ட், சென்னை தூலிகாவின் இருமொழி நூல்கள், பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் யாரும் இறக்கிக்கொள்ளலாம் என்ற உரிமத்தோடு கிடைக்கும் படக்கதைகள். ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் எடுத்து ஸ்பைரல் போட்டால் மகள் வண்ணம் தீட்டிக்கொள்வாள். மொழிபெயர்ப்பில் சில வரிகள் விறைப்பாக நிற்கும். வாசிக்கும்போது வீட்டுப் பேச்சாக மாற்றிவிடுவேன். தானே வாசிக்கத் தொடங்கியதும் "நீ படிச்சதுல வேற மாதிரி இருந்துச்சே" என்று பிடித்துக்கொண்டாள். அழ. வள்ளியப்பாவின் பாடல்களை மாற்ற வேண்டியிருக்கவில்லை. பெரியசாமித் தூரன் பதிப்பித்த குழந்தைகள் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதி. உக்கடத்தில் உதிரியாகச் சில கிடைத்தன, மற்றதைத் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் பார்த்துக்கொண்டோம். அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளிலும் வந்தது, தகவல்கள் பழசு. ஆனால் நீராவி எந்திரத்தையும் தேனீயையும் ஒன்பது வயதுக்குத் தமிழில் விளக்குவது எப்படி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான்.

சார்லட் மேசன் என்ற ஆங்கிலேய ஆசிரியையின் புத்தகப் பட்டியலை நான் தொடவில்லை. அவர் காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியும் இருபதின் தொடக்கமும். பட்டியலில் இங்கிலாந்து மன்னர்கள் நிறைய. ஆனால் அவருடைய இரண்டு பழக்கங்களை எடுத்துக்கொண்டேன். பாடம் சிறியதாக, பிள்ளை கவனம் சிதறுவதற்குமுன் முடிய வேண்டும். வாசித்ததைக் கேள்வி கேட்காமல் பிள்ளையே திருப்பிச் சொல்ல வேண்டும். நர்சரியில் வாயடைத்துப்போன பிள்ளைக்கு இரண்டாவது பழக்கம் மருந்தாகவே வேலை செய்தது. முதலில் பாட்டியிடம் மட்டும் சொன்னாள், பிறகு டீச்சரிடம், பிறகு மாடிவீட்டு வங்கிக்காரரை நிறுத்திவைத்து. மேசன் சொன்ன இயற்கைக் குறிப்பேட்டை உக்கடம் குளத்தங்கரையில் நிரப்பினோம். நீலத் தாழைக்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம். வனக் கல்லூரி வளாகத்தில் உள்ள, 1902-ல் தொடங்கிய காஸ் அருங்காட்சியகத்தில் மரத்துண்டுகளை வரிசையாக வைத்திருப்பார்கள். கணவருக்கு அது பிடித்த அளவுக்குப் பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை.

ஒரு கோடையில் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு ஓர் ஆசிரியர் பயிற்றுநர் வந்தார். வயது முப்பதுக்குள் இருக்கும். கையில் படிவம், முதுகில் பை, வெயிலில் முகம் சிவந்திருந்தது. மோர் கொடுத்துவிட்டு உள்ளதைச் சொன்னேன். அவர் படிவத்தில் இருந்த காரணங்களை வாசித்தார்: இடம்பெயர்வு, வேலைக்குப் போவது, உடல்நலம். எங்களுக்கு ஒன்றும் பொருந்தவில்லை.

"வீட்டுல படிக்கறான்னா எந்தக் கட்டத்துலங்க்கா எழுதறது?"

"பாப்பாவையே கேளுங்க தம்பி."

அவள் கதை ஒன்றை வாசித்துக் காட்டி, கோல்களைப் பரப்பி அவருக்கே ஒரு கணக்குப் போட்டாள். சிரித்துக்கொண்டே செய்தார். பிறகு என்னிடம் நிதானமாகப் பேசினார். 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் ஆறிலிருந்து பதினாலு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கானது. வீட்டுக் கல்வியைப் பற்றி அதில் தெளிவாக ஒன்றும் இல்லை. ஆனால் நான்காவது பிரிவுப்படி, பள்ளியில் சேராத பிள்ளையை எப்போது அழைத்துவந்தாலும் அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்க்க வேண்டும். "எப்ப வேணாலும் கதவு திறந்துதான் இருக்குங்க்கா. நீங்க பாத்துக்க வேண்டியது ஒண்ணுதான், அந்த வகுப்புக்குள்ள போனா பிள்ளை முழிக்கக் கூடாது. கவர்மென்ட் புக்கை மட்டும் கூட வச்சுக்கங்க."

தேர்வு விஷயத்தையும் அதன்பின்தான் தேடிப் பார்த்தேன். எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத 12½ வயது முடிந்திருக்க வேண்டும். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குச் சமமாக மூன்று நிலைகள் உண்டு; பத்தாம் வகுப்புக்குப் பதினாலு வயது ஆக வேண்டும். அதாவது சின்ன வயதில் எந்த சிலபஸ் என்ற கேள்விக்கு அவசரமே இல்லை. இது தெரிந்திருந்தால் வங்கிக்காரருக்கு முதல் நாளே பதில் சொல்லியிருப்பேன்.

அரசுப் பாடநூல் வந்து அலமாரியில் உட்கார்ந்தது இப்படித்தான். வீட்டுக் கல்விப் பெற்றோர் கூடுகிற இடத்தில் அதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அது முதுகெலும்பு. முப்பருவ முறையில் மெலிதாக மூன்று நூல்கள், விலை குறைவு, என்ன விட்டுப்போயிருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும். 2018-லிருந்து வந்த புதிய நூல்கள் முன்னதைவிட எவ்வளவோ மேல். படம் பார்த்துப் பேசு என்று பக்கம் பக்கமாகக் கொடுத்திருந்தார்கள், க்யூ.ஆர். குறியீடும் உண்டு. கதைகளில் அறிவுரை மட்டும் கொஞ்சம் தூக்கல். அதை நாங்கள் வாசித்து, நரி ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று விவாதித்து முடித்தோம்.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கோடு ஊரே வீட்டுக் கல்விக்கு வந்தது. எங்களை ஒரு மாதிரிப் பார்த்தவர்கள் வாசலில் நின்று, "என்னங்க பண்றீங்க பிள்ளைகளை?" என்று கேட்டார்கள். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது. போன் இருந்த வீட்டில் போன். அட்டைகளையும் கதைகளையும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். அடுத்த வருடம் அக்டோபரில் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது தன்னார்வலராகச் சேர்ந்தேன். மாலையில் எங்கள் திண்ணையில் பக்கத்துத் தெருப் பிள்ளைகள். ஐந்தாம் வகுப்புப் பையன்கள் கடன்வாங்கிக் கழிப்பதை மறந்திருந்தார்கள். என் மகளுக்காகத் தேடிச் சேர்த்தது வேறு பிள்ளைகளிடம் எப்படிப் போகிறது என்று அப்போதுதான் பார்த்தேன். கோல்களும் மணிச்சரமும் எல்லாரிடமும் எடுபட்டன. பல்லாங்குழிக்குச் சண்டை வந்தது. திருப்பிச் சொல்வது பாதிப் பேரிடம் எடுபடவில்லை. ஆண்பிள்ளைகள் சிலருக்கு அது தண்டனையாகவே பட்டது. அவர்களுக்கு நடித்துக் காட்டுவது வந்தது.

சின்னவன் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன். அக்காவுக்குப் பொருந்திய எதுவும் அவனுக்கு முழுசாகப் பொருந்தவில்லை. ட, ப, ம-வைக் காட்டினால் எழுந்து போய்விடுவான். அவன் வாசிக்கப் பழகியது டவுன் பஸ்ஸின் நெற்றியில். காந்திபுரம், உக்கடம், ஆனைகட்டி. பட்டறையிலிருந்து வந்த பம்ப் விலைப்பட்டியல் இரண்டாவது நூல். கதை என்றால் ஓட்டம். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இதழ் என்றால் குப்புறப் படுத்துவிடுவான். பொம்மை செய்தே அறிவியல் சொல்லிக்கொடுக்கும் அரவிந்த் குப்தாவின் தீக்குச்சி மாதிரிகளைச் செய்ய சைக்கிளின் வால்வு டியூப் வேண்டும். ஊரில் அது கிடைக்கிற கடைசி சைக்கிள் கடையைக் கண்டுபிடித்தவன் அவன்தான். தீக்குச்சியையும் டியூபையும் கோத்து முக்கோணம் செய்தான், அசையவில்லை. சதுரம் செய்தான், நசுங்கியது. கூரைக்கு ஏன் முக்கோணம் போடுகிறார்கள் என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டு பட்டறைக்கே போய்விட்டான். அலமாரியில் பாதியை அவனுக்காக மாற்றினேன். நடுப்பக்கச் சோதனையை மட்டும் மாற்றவில்லை. இப்போது அவனே திறந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்று வைத்துவிடுகிறான்.

2022 ஜூனில் மகள் ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள், அரசுப் பள்ளியில்தான். அவளே கேட்டாள், கபடிக்கு ஆள் வேண்டுமாம். இம்முறை மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. கணக்கிலும் அறிவியலிலும் தடுமாறவில்லை. ஆங்கில எழுத்துக்கூட்டல் பின்தங்கியிருந்தது. மணி அடிப்பதற்குள் எழுதி முடிக்கும் வேகமும் இல்லை. முதல் பருவத் தேர்வில் தெரிந்த இரண்டு கேள்விகளை விட்டுவிட்டு வந்தாள். நான் சேர்த்த எந்தப் பொருளிலும் அது இல்லை, வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை. டிசம்பருக்குள் பழகிக்கொண்டாள்.

போன மாதம் பொள்ளாச்சியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பையனுக்கு நாலரை வயது, வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கப் போகிறார்களாம், என்ன வாங்குவது என்று கேட்டாள். அவன் எந்த மொழியில் சண்டை போடுவான், எதிரில் உட்கார்ந்து விளையாட வீட்டில் யார் இருக்கிறார்கள், அவன் ஓரிடத்தில் உட்கார்கிற ஆளா ஓடுகிற ஆளா என்று கேட்டேன். டீச்சரின் நடுப்பக்கத்தையும் சொன்னேன். அரைமணி நேரம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"அதெல்லாம் சரிங்க்கா. லிஸ்ட் இருந்தா வாட்ஸ்அப்புல போட்டு விடறீங்களா?"

போட்டுவிட்டேன். பல்லாங்குழி முதலில், அரசின் ஒன்றாம் வகுப்புத் தமிழ் நூல் இரண்டாவது. மூன்றாவதாக, பக்கத்தில் ஓய்வுபெற்ற டீச்சர் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லி எழுதினேன்.